கப்பலில் தனிக் கட்டண உணவகம்: ராமநாதபுரம் கரையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கீழக்கரை, மண்டபம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என எங்கள் கரை நெடுகப் பல வீடுகளின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். பெற்றோர் பார்க்கப் போனால், "ஒரு தடவை கப்பலில் போய் வாருங்கள்" என்று மூன்று நாள், நான்கு நாள் உல்லாசப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் கப்பல் நிறுவனத்தின் மின்னஞ்சல்களும் வரத் தொடங்கும். இந்த உணவகத்துக்கு இப்போதே பதிவு செய்யுங்கள், இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் மண்டபத்தில் இருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து இரண்டு முறையும் சென்னையிலிருந்து ஒரு முறையும் குடும்பத்தோடு இப்படிப் போய் வந்திருக்கிறேன். என் கொழுந்தன் பதினொரு ஆண்டுகள் கப்பல் சமையற்கூடங்களில் வேலை பார்த்தவர். என் மாமனார் நாற்பது ஆண்டுகள் மீன் ஏலத்தில் நின்றவர். கீழே வரும் பதில்களில் பாதி அவர்கள் இருவரிடமிருந்தும் கற்றுக்கொண்டவை.

டிக்கெட்டிலேயே சாப்பாடு சேர்ந்திருக்கிறதே, பிறகு எதற்குத் தனிக் கட்டணம்?

சேர்ந்துதான் இருக்கிறது. பெரிய கப்பல்களில் இரண்டு இடங்களில் எப்போதும் கூடுதல் காசு இல்லாமல் சாப்பிடலாம். ஒன்று, மேசையில் அமர்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடும் பெரிய சாப்பாட்டுக் கூடம். மற்றது, நாமே தட்டெடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே. பீட்சா, சாண்ட்விச், காபி கிடைக்கும் சிறு கடைகள் சிலவும் இலவசமாகவே இருக்கும். ஒருவர் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமல் பயணம் முழுவதும் வயிறாரச் சாப்பிட்டு இறங்கலாம். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்யாவிட்டால் பட்டினி கிடக்க நேருமோ என்று ஒரு தாயார் என்னிடம் கவலையோடு கேட்டார். அப்படி எதுவும் நடக்காது.

இவற்றுக்கு அப்பால் சிறிய உணவகங்கள் இருக்கும். மாட்டிறைச்சியைத் தடித்த துண்டாக வாட்டித் தரும் ஸ்டேக் உணவகம், இத்தாலிய உணவகம், ஜப்பானிய உணவகம் போன்றவை. இவற்றைத்தான் கப்பல்காரர்கள் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட் என்கிறார்கள். சிலவற்றில் தலைக்கு இவ்வளவு என்று மொத்தக் கட்டணம். சிலவற்றில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி விலை. சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலிலும் இதே ஏற்பாடுதான்: ஸ்டார்லைட் கூடமும் ஃபுட் கோர்ட் பஃபேயும் டிக்கெட்டில் அடக்கம், சாப்ஸ்டிக்ஸ் என்ற ஆசிய உணவகத்துக்குத் தனிக் காசு.

இது இப்போது முளைத்த வழக்கமா?

இல்லை. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலேயே முதல் வகுப்புப் பயணிகளுக்குத் தனிக் காசு வாங்கும் உணவகம் ஒன்று இருந்தது. அதற்கும் முன்பு, 1905-ல் ஓடத் தொடங்கிய 'அமெரிக்கா' என்ற ஜெர்மானியக் கப்பலில் ரிட்ஸ் உணவகம் இருந்தது. ஆனால் அவை பணக்காரர்களுக்காக வைத்தவை. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களிடம் இது பரவலாக வந்தது, 2000-ம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் குறித்த நேரம், குறித்த மேசை என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுப் பல சிறு உணவகங்களைத் திறந்த பிறகுதான். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

காரணமும் வெளிப்படையானது. பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் டிக்கெட் விற்பனைக்கு வெளியே, கப்பலுக்குள் நாம் செய்யும் செலவிலிருந்து வருகிறது. டிக்கெட் விலை குறைவாகத் தெரிவதற்கும், ஏறிய முதல் நாளிலிருந்து உணவகப் பணியாளர்கள் வழிமறித்து அட்டை நீட்டுவதற்கும் இதுவே காரணம். அந்தப் பணியாளர்கள்மேல் கோபப்படாதீர்கள். இத்தனை மேசை நிரப்ப வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்தோ பாம்பனிலிருந்தோ இந்தக் கப்பல்களில் ஏற முடியுமா?

முடியாது. பாக் நீரிணை இவ்வளவு பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாது. சென்னையிலிருந்து கொச்சிக்குப் போகும் பெரிய கப்பல்கூட இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பாம்பன் கால்வாய் சிறு கலங்களுக்கு மட்டுமே.

மொத்தத்தில் கையிலிருந்து எவ்வளவு போகும்?

மின்னஞ்சலில் காட்டும் விலை முழு விலை இல்லை. அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் இரவு உணவுக்குத் தலைக்கு 30 டாலரில் தொடங்கி 70 டாலர் வரைக்கும் அதற்கு மேலும் இருக்கிறது. அதன்மேல் 18 முதல் 20 சதவீதம் சேவைத்தொகை தானாகச் சேரும். பிறகு நம் ஊர் வங்கி அட்டை என்றால் அந்நியச் செலாவணி மாற்றுக்கு 2 முதல் 3.5 சதவீதம்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கட்டணம் 55 டாலர். 18 சதவீதம் சேர்த்தால் 64 டாலர் 90 சென்ட். ஒரு டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் ஒருவருக்கு 5,711 ரூபாய். நான்கு பேருக்கு 22,845 ரூபாய். குளிர்பானம், வங்கிக் கழிவு இவற்றையும் சேர்த்தால் 24,000 ரூபாயைத் தாண்டும். இது ஒரே ஒரு இரவுச் சாப்பாடு. அதே இரவில் அதே நான்கு பேருக்கும் கீழ்த்தளத்தில் ஏற்கெனவே காசு கட்டிய சாப்பாடு காத்திருக்கிறது.

கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச் சாவி அட்டையை நீட்டினால் போதும், கணக்கு ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகளின் வங்கி அட்டையோடு உங்கள் அறையை இணைத்திருந்தால், நீங்கள் நீட்டும் ஒவ்வொரு முறையும் செலவு அவர்கள் தலையில் விழும் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். அறையிலுள்ள தொலைக்காட்சியிலோ வரவேற்பு மேசையிலோ தினமும் கணக்கைப் பார்க்கலாம்.

காசு கொடுத்தால் சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்குமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. சமையற்கூடம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் பதில் தானே கிடைக்கும்.

4,000 பேர் போகும் கப்பலில் பெரிய கூடத்தில் ஒரு பந்திக்கு ஆயிரம் பேருக்கு மேல் உட்காருவார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேகம், அதே நெருக்கடி, அது தினமும். ஆயிரம் மீன் துண்டுகளை ஆளுக்கு ஆள் வாட்டிக் கொடுக்க யாராலும் முடியாது. முன்கூட்டியே மேலாகச் சிவக்க வைத்து, அடுப்புப் பெட்டியில் மொத்தமாக வேகவைத்து, தட்டில் வைத்து, மூடி, சூடான அலமாரியில் நிறுத்தி வைப்பார்கள். பணியாளர் வந்து எடுத்துப்போகும் வரை அது அங்கே இருக்கும். அந்த நிமிடங்களில் மீன் வெந்துகொண்டே இருக்கிறது. தனிக் கட்டண உணவகத்திலோ நாற்பது ஐம்பது மேசைகளுக்குள்தான் இருக்கும். நீங்கள் சொன்ன பிறகு அடுப்பில் ஏறி, வெந்ததும் மேசைக்கு வரும். இங்கே நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த இடைவெளி இல்லாமல் இருப்பதற்காக.

என் கொழுந்தன் இதை ஒரே வரியில் சொல்வார்: "குழம்பு காத்திருக்கும், வறுவல் காத்திருக்காது." எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. குழம்பு, சூப், நெடுநேரம் வேகவைத்த ஆட்டிறைச்சி, பருப்பு, சாதம் இவையெல்லாம் பெரிய கூடத்திலும் பஃபேயிலும் குறைவில்லாமல் இருக்கும். சில சமயம் நின்று ஊறிய பிறகு இன்னும் நன்றாகவே இருக்கும். இவற்றுக்குத் தனிக் காசு கொடுப்பது வீண். அடுப்பிலிருந்து இறக்கிய கணத்தில் சாப்பிட வேண்டியவற்றுக்கு மட்டும் அந்தச் சிறு உணவகம் மதிப்புள்ளது.

கப்பலில் எரிவாயு அடுப்பின் திறந்த தணல் பெரும்பாலும் இருக்காது. தீப்பிடிக்கும் அபாயத்துக்காக எல்லாம் மின் அடுப்புதான். எனவே விறகுத் தணலில் சுட்ட வாசனையை எந்த உணவகத்திலும் எதிர்பார்க்காதீர்கள்.

நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். மீனுக்காகவும் இறாலுக்காகவும் அங்கே போகலாமா?

போக வேண்டாம். இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் போய்ப் பார்த்தவள்.

முதல் பயணத்தின்போது ஒரு கப்பலின் ஸ்டேக் உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். மாமனாருக்கு மாட்டிறைச்சி ஆகாது. அதனால் வாட்டிய மீன் சொன்னோம். சூடாகத்தான் வந்தது. தட்டு அழகாக இருந்தது. அவர் இரண்டு விள்ளல் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியை வைத்துவிட்டார். "இது பனிக்கட்டியில் ரொம்ப நாள் தூங்கின மீன்" என்றார். நாற்பது ஆண்டுகள் விடியற்காலையில் சீலாவையும் விளைமீனையும் பாறையையும் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை சொன்ன மனிதருக்கு அது தெரியாமல் போகுமா? தலைக்கு 50 டாலருக்கு மேல் கொடுத்த அந்த இரவு அவர் ரொட்டியும் வெண்ணெயும்தான் சாப்பிட்டார். எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது.

கப்பலின் மேல் குற்றம் இல்லை. நடுக்கடலில் போகிறது என்பதற்காக அது வலை போட்டு மீன் பிடிப்பதில்லை. பயணம் தொடங்கும் துறைமுகத்தில் கொள்கலன்களில் எல்லாம் ஏறுகிறது. மீனில் பெரும்பகுதி உறைய வைத்தது. சால்மன், காட், கொடுவா போன்று உலகம் முழுக்க ஒரே மாதிரி கிடைக்கும் மீன்களைத்தான் வாங்குவார்கள். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில் பிடித்து நான்கு மணி நேரத்தில் சட்டிக்கு வந்த ஊளியையும் நகரையையும் தின்று வளர்ந்த நாக்குக்கு, உணவகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த மீன் எடுபடாது. தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்கூட, நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன் அதைவிட மேல்.

பள்ளி விடுமுறையும் தடைக்காலமும் ஒன்றாக வருவதால் எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் கப்பலேறுகிறார்கள். மீனுக்கு ஏங்கிப்போயிருக்கும் அந்த நேரத்தில் பட்டியலில் 'சீஃபுட்' என்று பார்த்தால் கை தானே நீளும். நீட்டாதீர்கள்.

சால்மன் ஒன்றை மட்டும் விலக்காகச் சொல்வேன். அது நம் கடல் மீன் இல்லை, உறைய வைத்தாலும் கொழுப்பு காப்பாற்றிவிடும். ஆனால் அது பெரிய கூடத்திலேயே கிடைக்கிறது.

லாப்ஸ்டர் தருகிறார்களாமே?

அது நம் சிங்கி இறாலின் சொந்தக்காரர்தான். பல கப்பல்களில், குறிப்பாக ஏழு நாள் பயணங்களில், எல்லோரும் உடுத்திக்கொண்டு வரும் விருந்து இரவில் பெரிய கூடத்திலேயே லாப்ஸ்டர் வால்துண்டு பரிமாறுவார்கள். முதல் தட்டு டிக்கெட்டில் அடக்கம். இரண்டாவது கேட்டால் சில நிறுவனங்கள் காசு வாங்கும். மூன்று நான்கு நாள் பயணங்களில் இது இல்லாமலும் போகலாம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் உயிரோடு துடிக்கும் சிங்கியைப் பார்த்தவர்கள் அதற்காகத் தனி உணவகம் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நம் கரையில் பிடிபடும் சிங்கியில் நல்லதெல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது, நமக்கே கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. அந்த ஆதங்கத்தைத் தீர்க்கும் இடம் கப்பல் இல்லை.

பச்சை மீனில் செய்த சுஷி சாப்பிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

நம் ஊரில் பச்சை மீனை நினைத்தாலே முகம் சுளிப்பார்கள். சுஷிக்கான மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம் உறைய வைப்பது அமெரிக்க உணவுத் துறையின் பரிந்துரை. அதில் புழுக்கள் செத்துவிடும். எல்லாக் கிருமியும் செத்துவிடாது. எனவே கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் ஆசைப்பட்டால் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே பெரும்பாலும் பதார்த்தத்துக்கு விலை என்பதால், நான்கு பேர் ஒரு தட்டைப் பகிர்ந்து ருசி பார்க்கச் செலவு குறைவு. மொத்தக் கட்டணம் வாங்கும் இடங்களில் அந்த வசதி இல்லை.

அப்படியானால் எந்த உணவகத்துக்குத்தான் போகச் சொல்கிறீர்கள்?

டெப்பன்யாகி. கண்முன்னே பெரிய இரும்புக் கல்லில் சமைத்துத் தரும் ஜப்பானிய முறை. பத்துப் பன்னிரண்டு பேர் கல்லைச் சுற்றி உட்காருவார்கள். சமையற்காரர் கரண்டியைச் சுழற்றி, முட்டையைத் தூக்கிப் பிடித்து, பேசிக்கொண்டே கோழியையும் இறாலையும் காய்கறியையும் வதக்கி ஒவ்வொருவர் தட்டிலும் வைப்பார்.

இரண்டாவது பயணத்தின்போது மதிய நேரத்தில் போனோம். இரவைவிடக் கட்டணம் குறைவு. மாமனாரின் முகத்தை நான் மறக்க மாட்டேன். பரோட்டாக் கடை வாசலில் நிற்கும் சிறுவனைப் போலக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது பார்" என்றார். உறைந்த இறால்தான் அது. ஆனாலும் வெந்த கணத்தில் வாயில் போட்டதால் நன்றாக இருந்தது. மிளகாய் கேட்டோம், நறுக்கிப் போட்டார். முதல் பயணத்தில் கொடுத்த காசில் பாதிதான் செலவானது. சாப்பிட்டதும் சிரித்ததும் பலமடங்கு.

அடுத்ததாக, சைவக்காரர்கள் இருக்கும் குடும்பத்துக்கு இத்தாலிய உணவகம். ஸ்டேக் உணவகத்தை மாட்டிறைச்சி விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன். அந்தக் கட்டணத்தின் பெரும்பகுதி உயர்ரக மாட்டிறைச்சியின் விலை. அதைச் சாப்பிடாதவர் அங்கே கோழி சாப்பிட்டால், மற்றவர் சாப்பிடும் இறைச்சிக்கும் சேர்த்துக் கொடுக்கிறார் என்று பொருள். 'செஃப்ஸ் டேபிள்' என்று 100 டாலருக்கு மேல் ஒரு விருந்து இருக்கும். அந்த விலையில் ஒவ்வொரு பதார்த்தத்தோடும் ஊற்றும் ஒயினும் அடக்கம். மது தொடாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஹலால் கிடைக்குமா?

கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வரும் முதல் கேள்வி இதுதான். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் ட்ரீம் கப்பலின் லிடோ உணவகத்தில் ஹலால் உணவு கிடைக்கிறது, அது டிக்கெட்டில் அடக்கம். அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்; கிடைப்பது கப்பலையும் துறைமுகத்தையும் பொறுத்தது.

தனிக் கட்டண உணவகங்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இறைச்சி ஹலால் முறையில் அறுத்ததா, அதே கல்லில் பன்றி இறைச்சியும் சமைக்கிறார்களா? "பன்றி இல்லை" என்பது வேறு, "ஹலால்" என்பது வேறு. பணியாளர்கள் பல சமயம் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதில் சொல்லிவிடுகிறார்கள். நான் புகழ்ந்த டெப்பன்யாகியிலும் இந்தச் சிக்கல் உண்டு. கல் ஒன்றுதான். பேணுதலாக இருப்பவர்கள் அங்கே போவதற்கு முன் தலைமைச் சமையற்காரரிடமே பேசுவது நல்லது. பதில் மழுப்பலாக இருந்தால், ஹலால் என்று எழுதி வைத்த இலவச உணவகமே போதும்.

சைவக்காரர்களுக்கு?

கட்டணத்தில் சலுகை தருவதில்லை. ஸ்டேக் உணவகத்தில் சைவர் சாப்பிடும் காளானுக்கும் அதே விலை. பெரிய கூடத்தில் முதல் நாள் இரவே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். கோவா, மும்பை, மங்களூர்ப் பக்கத்து ஆட்கள் சமையற்கூடத்தில் நிறைய இருக்கிறார்கள். மறுநாளிலிருந்து பருப்பும் ஒரு கறியும் சாதமும் மேசைக்கு வந்துவிடும். இந்திய உணவுக்கே தனிக் காசு வாங்கும் உணவகமும் உலகில் உண்டு: பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்களில் 'சிந்து'. இங்கிலாந்திலிருந்து போகிறவர்கள் ஊர்ச் சாப்பாட்டு ஏக்கத்துக்காக யோசிக்கலாம்.

எட்டுப் பேர், பத்துப் பேர் குடும்பமாகப் போகிறோம். ஒன்றாக உட்கார முடியுமா?

பெரிய கூடத்தில் முடியும். எட்டு, பத்துப் பேருக்கான வட்ட மேசைகள் அங்கே இருக்கின்றன. தனிக் கட்டண உணவகங்களில் இரண்டு பேர், நான்கு பேர் மேசைகள்தான் அதிகம். பெரிய குடும்பம் இரண்டு மூன்றாகப் பிரிந்து உட்கார நேரிடும். கீழக்கரையில் ஒரே சஹனை, அதாவது பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அப்படிப் பிரிவது பிடிக்காது. அதிகக் காசு கொடுத்துக் குடும்பத்தைப் பிரித்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போவதென்றால் கணவனும் மனைவியுமாக ஒரு இரவு போய் வாருங்கள். வீட்டில் பந்தி பரிமாறியே ஓய்ந்த பெண்களுக்கு, யாரோ தண்ணீர் ஊற்றி, யாரோ தட்டெடுத்து, இரண்டு மணி நேரம் அவசரமில்லாமல் உட்காரும் ஒரு வேளை கிடைப்பது பெரிய விஷயம். அதற்காகக் கொடுக்கும் காசை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

குழந்தைகளுக்கும் முழுக் கட்டணமா?

இல்லை. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் ஐந்து வயது வரை இலவசம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை குறைந்த கட்டணம். டிஸ்னி கப்பல்களின் தனிக் கட்டண உணவகங்கள் பலவற்றில் சிறுவர்களுக்கு அனுமதியே இல்லை. சிறு பிள்ளைகள் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார மாட்டார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மூன்றாகப் பேக்கேஜ் எடுத்தால் மலிவு என்கிறார்களே?

மூன்று நான்கு நாள் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். இருப்பதே மூன்று இரவு. மூன்றையும் தனிக் கட்டண உணவகத்தில் கழித்தால், ஏற்கெனவே காசு கட்டிய பெரிய கூடத்தைப் பார்க்காமலே இறங்குவீர்கள். மூன்று இரவும் நீண்ட விருந்து சாப்பிட வயிறும் இடம் தராது. ஏழு நாளுக்கு மேற்பட்ட பயணம், மாட்டிறைச்சி, சுஷி எல்லாம் சாப்பிடும் இளைஞர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வேளைக்கு மட்டும் என்றால், புறப்படும் முன் இணையத்தில் தள்ளுபடி இருக்கும். ஏறிய முதல் நாள் இரவுக்கும் சலுகை தருவது வழக்கம், அன்றைக்கு யாருக்கும் தனி உணவகம் போகத் தோன்றாது. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் காசு பிடிப்பார்கள். ரத்து செய்ய வேண்டுமானால் 24 முதல் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்.

கப்பல் ஆடும்போது சாப்பிட முடியுமா?

பெரிய கூடம் பெரும்பாலும் கீழ்த்தளங்களில் இருக்கும், ஆட்டம் குறைவு. சிறு உணவகங்கள் பலவும் காட்சிக்காக மேல்தளங்களில் வைத்திருப்பார்கள். ஆட்டம் அங்கேதான் தெரியும். பெண் கடல் என்று நாம் சொல்லும் வடகடலின், அதாவது பாக் விரிகுடாவின் அமைதியை நம்பிப் பழகியவர்கள், கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் இலங்கைக்குத் தெற்கே போகும் கப்பலின் மேல்தளத்தில் விருந்துக்குப் பதிவு செய்யாதீர்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளின் இரவைத் தேர்ந்தெடுத்தால் நிம்மதி.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

மாமனார் மூன்று பயணத்திலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில்தான் போனார். யாரும் தடுக்கவில்லை, இரண்டு பேர் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். புடவை எங்கேயும் செல்லும். அரைக்கால் சட்டை, பனியன், கைலி கூடாது.

ஊறுகாய், கருவாடு எடுத்துப் போகலாமா?

கடையில் வாங்கிய, முத்திரை உடைக்காத ஊறுகாய், பொடி, முறுக்கு பொதுவாகச் செல்லும். வீட்டில் செய்தது செல்லாது. கருவாட்டை எடுத்துப்போய் என்ன செய்ய? அறைக்கு மின் அடுப்போ கெட்டிலோ நாம் கொண்டுபோக அனுமதி இல்லை.

எல்லா உணவகமும் டிக்கெட்டிலேயே சேர்ந்த கப்பல் இல்லையா?

இருக்கின்றன. வைக்கிங், ஓஷியானியா, வர்ஜின் வாயேஜஸ் ஆகியவற்றில் சிறு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் விலை அதற்கேற்ப உயரம். வர்ஜினிலும் வைக்கிங்கிலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை.

மகன் சொல்லாமலேயே ஒரு இரவுக்கு ஸ்டேக் உணவகத்தில் காசு கட்டிவிட்டான். வேண்டாம் என்று சொல்லிவிடவா?

தேவிபட்டினத்து அம்மா ஒருவர் கேட்டது இது. இன்னும் ரத்து செய்யும் காலம் இருந்தால், அதே காசை டெப்பன்யாகிக்கு மாற்ற முடியுமா என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். கப்பலில் ஏறிய பிறகும் வரவேற்பு மேசையில் மாற்றித் தருவார்கள். மாற்ற முடியாவிட்டால் கட்டாயம் போய் வாருங்கள். உட்கார்ந்ததும் மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையும் காரம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆட்டு விலாக்கறி இருக்கும், அதை நன்றாக வெந்து வரட்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உள்ளே சிவப்பாகக் கொண்டுவந்து வைப்பார்கள். மொத்தக் கட்டணம் வாங்கும் இடமாக இருந்தால் தொடக்கப் பதார்த்தத்திலும் இனிப்பிலும் இரண்டு கேட்டாலும் தருவார்கள், கூச்சப்படாதீர்கள். மீன் மட்டும் சொல்லாதீர்கள்.